முன்னணியின் சுயேச்சை

அயின் ரமாத் நகரில் எந்தக் கட்சியையும் சேராத மனிதன் ஒருவன் அவசரமாகத் தேவைப்பட்ட காலையில், லஸ்ஹர் தன் கடையில் கொண்டைக்கடலை வேகவைத்துக்கொண்டிருந்தான்.

தேவை உழைப்போர் ஒற்றுமை முன்னணிக்கு ஏற்பட்டிருந்தது. ஏழு இடதுசாரிக் கட்சிகள் சேர்ந்து அமைத்த அம்முன்னணி, நகராட்சித் தேர்தலில் நிற்கும் ஒவ்வொரு பட்டியலிலும் 'பரந்துபட்ட மக்களின் பிரதிநிதியாக' ஒரு சுயேச்சை இருந்தே தீர வேண்டும் என்று தன் சாசனத்தில் விதித்திருந்தது. பரந்துபட்ட மக்கள் அந்த வட ஆப்பிரிக்கப் பாஸ்பேட் சுரங்க நகரில் ஏராளமாக இருந்தார்கள். ஆனால் அதிபர் விமானமேறி ஓடிய பிறகு வந்த அந்த ஆண்டுகளில் எல்லோருமே ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிட்டிருந்தார்கள். சுரங்கத்துக்காரர்கள் சங்கத்தில் இருந்தார்கள். பள்ளிவாசலின் முன்வரிசைக்காரர்கள் மருந்துக்கடை கமாயிஸின் கட்சியில் இருந்தார்கள். வேலையற்ற இளைஞர்கள் ஒரே சமயத்தில் மூன்று கட்சிகளில் இருந்தார்கள். விடியுமுன் அடுப்பு மூட்ட வேண்டியிருந்ததால் எந்த மாலைக் கூட்டத்துக்கும் போகாதவன் லஸ்ஹர் ஒருவனே.

முன்னணியின் ஒருங்கிணைப்பாளர் உஸ்தாத் தையிப் மேல்நிலைப் பள்ளியில் தத்துவம் கற்பிப்பவர். அவர் வந்து உட்கார்ந்து ஒரு கிண்ணம் லப்லாபி கேட்டார். லஸ்ஹர் நேற்றைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, அதன்மேல் கடலையையும் சாற்றையும் ஊற்றி, மிளகாய் விழுதும் சீரகமும் எண்ணெயும் சேர்த்துக் கொடுத்தான். உஸ்தாத் பாதிக் கிண்ணத்தைக் காலி செய்தார். பிறகு நேர்காணலைத் தொடங்கினார்.

"உங்களுக்கு அரசியல் பின்னணி ஏதாவது உண்டா?"

"இல்லைங்க உஸ்தாத்."

"கருத்து?"

"எதைப் பத்தி?"

"பிரமாதம்" என்றார் உஸ்தாத், மீதிச் சாற்றைக் குடித்துவிட்டு.

லஸ்ஹர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். அவன் வீடும் கடையும் இருந்த மேட்டுத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வருவதில்லை. கீழே பாஸ்பேட்டைக் கழுவும் ஆலை குடித்ததுபோக மிஞ்சிய நீருக்கு மேடேறும் வலு கிடையாது. டிராக்டர் இழுத்துவரும் தொட்டிக்காகப் பெண்கள் குடங்களோடு காத்திருந்தார்கள். அடுத்த வீட்டு விதவை தாவியா, வெயில் காலத்தில் பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டிய தண்ணீரால் தரையைக் கழுவி, தரையைக் கழுவிய தண்ணீரை அத்திமரத்துக்கு ஊற்றுபவள். மேட்டுத் தெருவுக்குக் குழாய் போடுவதாயிருந்தால் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றான் லஸ்ஹர். தண்ணீர்தான் நமது வேலைத்திட்டமே என்றார் உஸ்தாத். லஸ்ஹர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டான். அது வேலைத்திட்டத்தைப் பற்றிய வர்ணனை மட்டுமே என்பது அவனுக்குப் பிடிபடவில்லை.

கடையின் மாடியறை காலியாக இருந்ததால் அதுவே முன்னணியின் கிளை அலுவலகமாயிற்று. முதல் கூட்டத்தில் லஸ்ஹர் பின்வரிசையில் உட்கார்ந்து, புரியாத இடங்களில் எல்லாம் மரியாதையாகத் தலையாட்டினான். கட்சிகள் தோன்றிய வரிசைப்படி பேசுவது முன்னணியின் மரபு. மூன்றாவது கட்சியும் நான்காவது கட்சியும் முன்பு ஒன்றாயிருந்து பிரிந்தவை. இரண்டும் ஒரே மாநாட்டையே தம் பிறந்தநாளாகக் கொண்டாடின. எது மூத்தது என்ற வழக்கு தீராததால், இரண்டின் செயலாளர்களும் ஒரே நேரத்தில் எழுந்து பேசுவது என்று ஒருமனதாக முடிவாகியிருந்தது. பிரிவுக்கு முன் எழுதப்பட்ட உரையே இருவரிடமும் இருந்தபடியால், நெடுநேரம் அது கூட்டுப் பிரார்த்தனைபோல் ஒலித்தது. பிரிவு நேர்ந்த ஆண்டை எட்டியதும் ஒருவர் மற்றவரைத் துரோகி என்றார். மற்றவரும் அதே கணத்தில் அதே சொல்லைச் சொன்னார். இருவரும் உட்கார்ந்தார்கள். நன்றாக இருந்தது என்று நினைத்து லஸ்ஹர் கைதட்டினான். அக்கைதட்டல் எந்தக் கட்சியின் நிலைப்பாட்டுக்கு உரியது என்பதைப் பதிவு செய்ய வேண்டியிருந்ததால் கூட்டம் சற்று நேரம் நின்றது.

சின்னம் தேர்ந்தெடுப்பதற்கு நான்கு கூட்டங்கள் ஆயின. சுத்தியலுக்கு உரிமையாளர்கள் மூவர், நட்சத்திரத்துக்கு இருவர், உயர்த்திய முஷ்டியில் எந்தக் கை என்பதே தகராறு. இறுதியில், ஏழு கட்சிகளில் எதுவும் தன் வரலாற்றில் ஒருமுறைகூடப் பயன்படுத்தியிராத பொருள் என்ற ஒரே தகுதியால் குடை வென்றது. அயின் ரமாத்தில் மழை எப்போதாவது வரும். வந்தால் மக்கள் நனைவதற்காக வெளியே வருவார்கள்.

ஆயினும் முன்னணி வளர்ந்தது. மேடைப் பேச்சுகளில் வளர்ந்ததாக உஸ்தாத் தையிப் பின்னாளில் எழுதினார். உண்மையில் அது லஸ்ஹரின் அடுப்படியில் வளர்ந்தது. ஒவ்வொரு கிண்ணத்தோடும் அவன் சொன்னது ஒன்றுதான்: "தண்ணி வரும். வரலைன்னா என்னை வந்து கேளுங்க." சொன்ன சொல்லை அவன் அதுவரை மாற்றியதில்லை, மாற்றும்படியான பெரிய சொல் எதையும் சொல்ல நேர்ந்ததுமில்லை. மேட்டுத் தெரு முழுவதும் குடைக்கு வாக்களித்தது. பதினெட்டு இடங்களில் பத்து முன்னணிக்குக் கிடைத்தன. மணமகனை ஊர்வலமாக அழைத்துப்போவதுபோல் லஸ்ஹரைத் தோளில் தூக்கிச் சென்றார்கள். அவன் மனைவி ஸலூஹா வாசலில் நின்று குலவையிட்டாள். தாவியா அவன் தலையில் பன்னீர் தெளித்துவிட்டு ஒன்றைத் தெளிவுபடுத்தினாள்:

"உன் மூஞ்சிக்காகத்தான்டா போட்டோம். குடைக்காக இல்ல. குடையை வெச்சு இங்க என்ன பண்றது?"

வெற்றிக்குப் பிறகு வேலை தொடங்கியது. மாகாண ஆளுநர் அலுவலகத்தில் குழாய்க்கான நிதி இருந்தது. ஆண்டு முடிவதற்குள் நகர்மன்றம் ஒரு தீர்மானம் அனுப்பினால் அயின் ரமாத்துக்கு. இல்லையென்றால் வேறு ஊருக்கு. நகராட்சி எழுத்தர் இதைச் சொன்ன அன்றே லஸ்ஹர் கடையை மூடிவிட்டு உஸ்தாதிடம் ஓடினான். தீர்மானம் நாளையே எழுதப்படும் என்றார் உஸ்தாத்.

எழுதவும்பட்டது. ஆனால் முன்னணியின் எந்தத் தீர்மானமும் ஏழு கட்சிகளின் கையொப்பமும் பெற்ற பிறகே மன்றத்துக்குப் போக முடியும். எந்தத் தீர்மானத்துக்கும் முகவுரை வேண்டும். எந்த முகவுரையும் உலக நிலைமையிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே மேட்டுத் தெருக் குழாய் பற்றிய தீர்மானம், உலக முதலாளித்துவத்தின் நெருக்கடியில் வசந்த காலத்தில் தொடங்கி, கண்டம் கண்டமாக இறங்கி, கோடையின் நடுவில் வட ஆப்பிரிக்காவை அடைந்தது. அங்கே நெருக்கடி 'இறுதியானதா', 'ஆழமானதா' என்ற கேள்வியில் இரண்டு மாதம் தங்கியது. தொட்டி வண்டி அப்போது வாரம் ஒருமுறைதான் வந்துகொண்டிருந்தது.

நெருக்கடி ஆழமானது என்று முடிவான பின், தண்ணீர் என்பது உடனடிக் கோரிக்கையா, இடைக்காலக் கோரிக்கையா என்ற விவாதம் எழுந்தது. ஐந்தாவது கட்சியின் ராதியா, பள்ளி ஆசிரியை, மிகவும் கண்ணியமானவர், இதில் ஆழ்ந்த கவலையை வெளியிட்டார்.

"தோழர்களே, நான் கடுமையாப் பேசுறேன்னு நினைக்காதீங்க. மேட்டுத் தெரு ஜனங்க இன்னைக்குப் போராட வர்றாங்கன்னா தாகத்தாலதான் வர்றாங்க. தாகத்தை நாமளே தீர்த்துட்டா, அப்புறம் அவங்களை எதைச் சொல்லிக் கூப்பிடுறது?"

அறை அதன் கனத்தை உணர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டது. லஸ்ஹர் கையுயர்த்தி, தானும் அந்தத் தெருவில்தான் இருப்பதாகத் தெரிவித்தான். அவன் தலையீடு 'பரந்துபட்ட மக்களின் உணர்வு' என்ற தலைப்பில் பதிவாயிற்று.

கடையில் நிலைமை வேறாக இருந்தது. கேட்பவர்களுக்கு முதலில் அடுத்த வாரம் என்றான். பிறகு அடுத்த மாதம் என்றான். பிறகு, நெருக்கடி ஆழமானது என்று முடிவாகிவிட்டது என்றான். அதைக் கேட்ட சுரங்கத் தொழிலாளி ஒருவர் கரண்டியை வைத்துவிட்டு, எவ்வளவு ஆழம், கிணறு தோண்டும் அளவுக்கா என்று கேட்டார். கடை சிரித்தது, லஸ்ஹரும் சிரித்தான். அன்று பிற்பகல் பாத்திரம் தேய்க்கும்போது, தான் யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

ஆண்டின் கடைசி மன்றக் கூட்டம் வந்தபோது, தீர்மானத்தில் ஐந்து கையொப்பங்கள் இருந்தன. கூட்டம் பொதுமக்களுக்கும் திறந்திருந்தது. மேட்டுத் தெருப் பெண்கள் சுவரோரப் பெஞ்சுகளில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தாவியா முதல் பெஞ்சில் இருந்தாள். துப்புரவு வண்டி, விளக்குக் கம்பம் முதலானவை முடிந்ததும், எதிர்க்கட்சியின் கமாயிஸ் எழுந்தார். மருந்துச் சீட்டைப் படிக்கும் குரலில் ஒரே வாக்கியத்தைப் படித்தார்: மேட்டுத் தெருவுக்குக் குழாய் போட இம்மன்றம் ஒப்புதல் அளிக்கிறது. முகவுரை இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

உஸ்தாத் தையிப் பத்து நிமிட இடைவேளை கேட்டுப் பெற்றார். முன்னணியின் பத்துப் பேரும் ஆவண அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். காலம் தவறிய தீர்மானத்தைவிடக் களவுபோன தீர்மானம் அவர்களை அதிகம் வருத்தியது. கமாயிஸின் கட்சி கொண்டுவரும் எதையும் ஆதரிப்பதில்லை என்பது முன்னணியின் முதல் விதி; ஏழு கட்சிகளும் முதல் வாசிப்பிலேயே ஒத்துக்கொண்ட ஒரே விதியும் அதுதான். லஸ்ஹர் அவ்விதியை மறந்தே போயிருந்தான்.

"தண்ணிக்கு எதிரா ஓட்டுப் போடணுமா?" என்று கேட்டான்.

"தப்பு, தோழர்" என்றார் உஸ்தாத் பொறுமையாக. "தண்ணிக்கு எதிரா யாரும் போடல. தண்ணியை யாரு கொண்டு வர்றாங்களோ அந்த வர்க்கத்துக்கு எதிராப் போடுறோம்."

"தண்ணி குழாய்ல வந்துட்டா, யாரு கொண்டுவந்தான்னு யாரு பார்க்கப் போறா?"

"அதுதான் ஆபத்தே. ஜனங்க குடிச்சிட்டுப் போயிடுவாங்க. அதுல அரசியல் உணர்வுன்னு எதுவும் இருக்காது. நாம சரியான முகவுரையோட கொண்டு வருவோம். ஒரு வருஷம் தள்ளிப் போகட்டும், வரலாறு அவசரப்படாது."

"நான் தெருவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன் உஸ்தாத்."

உஸ்தாத் அவன் தோளில் கை வைத்தார். அவர் கண்களில் உண்மையான பரிவு இருந்தது. தீமை செய்பவரின் முகமாயிருந்திருந்தால் லஸ்ஹருக்கு எளிதாயிருந்திருக்கும். "நீங்க சுயேச்சை, தோழர். உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அதனாலதான் உங்க கை எங்களுக்கு முக்கியம். பத்துல ஒண்ணு குறைஞ்சா ஒம்பதுக்கு ஒம்பது ஆயிடும். தலைவர் யாருன்னு நம்ம ஏழு கட்சியும் ஒத்துப்போகாததால அந்த நாற்காலி கமாயிஸ் மாமனார்கிட்ட இருக்கு, சமமானா அவர் ஓட்டுதான் முடிவு. அப்புறம் முன்னணின்னு ஒண்ணு இருக்காது. உங்களாலதான் உடைஞ்சதுன்னு எழுதுவாங்க."

மன்றத்துக்குத் திரும்பினார்கள். லஸ்ஹரின் இருக்கை வரிசையின் நடுவில் இருந்தது. எதிர்ப்பவர்கள் கையுயர்த்தலாம் என்று தலைவர் சொன்னதும் அவன் இடப்பக்கம் ஒரு கை எழுந்தது. வலப்பக்கம் ஒரு கை எழுந்தது. சட்டைக்கைகளின் உரசல் வரிசை நெடுகக் கேட்டது. நடுவில் தான் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பது, தொழுகையில் எல்லோரும் குனியும்போது ஒருவன் நிமிர்ந்து நிற்பதுபோல அவனுக்குத் தோன்றியது. அந்த ஒரு கணத்தில் அவன் பயந்தது தெருவுக்கு அல்ல, பக்கத்து இருக்கைக்கு. கை எழுந்துவிட்டது.

பத்து. தலைவர் எண்ணினார், எழுத்தர் எழுதினார், முன்னணியின் மற்றவர்கள் கைகளை இறக்கிவிட்டார்கள். லஸ்ஹர் இறக்கவில்லை. இறக்கினால் பெஞ்சுப் பக்கம் பார்க்க நேரும் என்பதுபோல் அப்படியே வைத்திருந்தான். கூடம் அமைதியாக இருந்ததால் தாவியா சத்தமாகப் பேச வேண்டியிருக்கவில்லை.

"எறக்கிக்கப்பா லஸ்ஹர், கை வலிக்கப் போகுது. எண்ணிட்டாங்க."

குழாய் வேறு ஊருக்குப் போயிற்று.

முன்னணி இதை ஒரு பின்னடைவு என்று மனமார ஒப்புக்கொண்டது. தவறுகளைப் பகிரங்கமாக ஏற்றுச் சுயவிமர்சனம் செய்துகொள்வது அதன் பெருமைகளில் ஒன்று. ஏழு கட்சிகளும் தனித்தனியே அறிக்கை வெளியிட்டன. ஒவ்வொன்றும் மற்ற ஆறின் தவறுகளைத் தயங்காமல் ஏற்றுக்கொண்டது. கையொப்பமிடாத இரண்டு கட்சிகளை ஐந்து கட்சிகள் விலக்கின. அந்த இரண்டும் கூடி ஐந்தை விலக்கின. ராதியாவின் கட்சி தாகப் பிரச்சினையில் தனக்குள்ளேயே இரண்டாயிற்று. அடுத்த கோடைக்குள் ஏழு பதினொன்றாயிற்று. எல்லாத் தரப்புக்கும் சாசனப்படி ஒரு சுயேச்சை தேவைப்பட்டதால், லஸ்ஹரைச் சில தரப்புகள் தங்கள் கௌரவ உறுப்பினராக்கின, சில தரப்புகள் நீக்கின. எது எது என்று அவன் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மாடியறையில் ஒரே மாலையில் இரண்டு கூட்டங்கள் நடந்தன, ஒன்று கிழக்குச் சுவரைப் பார்த்து, மற்றது மேற்குச் சுவரைப் பார்த்து. நாற்காலிகளின் முதுகுகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. பிறகு நாற்காலிகளையும் பிரித்துக்கொண்டு போனார்கள்.

மேட்டுத் தெரு அவனைத் திட்டவில்லை. அதை அவன் எதிர்பார்த்துத் தயாராக இருந்தான், அது வரவில்லை. வாடிக்கையாளர்கள் வழக்கம்போல் வந்து சாப்பிட்டார்கள். குடிக்கக் கேட்கும்போது மட்டும், "லஸ்ஹர், ஒரு டம்ளர் தண்ணி. ஓட்டெடுப்பு இல்லாமலே குடுப்பியா?" என்பார்கள், விரோதமில்லாமல், சொந்த வீட்டு ஆளைக் கேலி செய்வதுபோல. அவன் கொடுப்பான். தாவியா கடைக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். தெருவில் கண்டால் முந்திக்கொண்டு ஸலாம் சொல்வாள். அவன் பதில் சொல்லும் அளவுக்கு நிற்பாள். அதற்கு மேல் நிற்கமாட்டாள். ஸலூஹா அந்த வாக்கைப் பற்றி அவனிடம் ஒருமுறைகூடப் பேசவில்லை. தொட்டி வண்டிக்கு முன்பெல்லாம் அவள் மற்றப் பெண்களோடு கதை பேசிக்கொண்டே நிற்பாள். இப்போது வரிசையின் கடைசியில் நின்று, கடைசியில் பிடித்துவந்தாள்.

அடுத்த தேர்தல் வந்தது. முன்னணியின் பெயரும் குடையும் நீதிமன்றத்தின் வழியாக உஸ்தாத் தையிப்பின் தரப்புக்குக் கிடைத்திருந்தன. அத்தரப்பில் உஸ்தாதும், அவர் மைத்துனரும், பட்டியலை நிரப்பப் போதுமான முன்னாள் மாணவர்களும் இருந்தார்கள். மேட்டுத் தெரு வாக்குச்சாவடியில் முன்னணியின் முகவராக உட்கார ஆள் வேண்டும் என்று அவர் லஸ்ஹரிடம் கேட்டார். மாட்டேன் என்று சொல்லத்தான் லஸ்ஹர் வாயைத் திறந்தான். தளர்ந்துபோயிருந்த அவர் முகத்தைப் பார்த்ததும், சரி என்று சொல்லிவிட்டான். மறுப்பது அவனுக்கு வாழ்நாளில் அந்த ஒருமுறைதான் கைகூடியிருந்தது, அதுவும் தண்ணீருக்கு.

தொடக்கப் பள்ளியின் வகுப்பறையில், மார்பில் குடைச் சின்னம் போட்ட பட்டியைக் குத்திக்கொண்டு, பிள்ளைகளின் குட்டைப் பெஞ்சில் முழங்கால்கள் மார்பை இடிக்க அவன் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தான். தெருவே அவன் முன்னால் வரிசையாக வந்து போயிற்று. தன் முறை வந்தபோது மறைப்புக்குள் போனான். கமாயிஸ் இந்த முறையும் குழாய் போடுவதாகச் சொல்லியிருந்தார். லஸ்ஹர் சீட்டை விரித்துக் குடையைப் பார்த்தான். பிறகு கமாயிஸின் பட்டியலுக்கு நேரே குறியிட்டான். எல்லோர் கண்முன்னும் மறுத்ததை யாரும் பார்க்காத இடத்தில் ஆதரித்துவிட்டு, பட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான்.

எண்ணுவது அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் நடந்தது. சாவடி அதிகாரி ஒவ்வொரு சீட்டாக விரித்து, உயர்த்திக் காட்டி, உரக்கப் படித்தார். கமாயிஸ், கமாயிஸ், சுரங்கச் சங்கத்தின் பட்டியல், கமாயிஸ், வெற்றுச் சீட்டு. பெட்டி ஏறக்குறையக் காலியான பிறகு அவர் ஒரு சீட்டைத் தூக்கி, சற்றுத் தயங்கி, "குடை" என்றார்.

அறை முழுவதும் லஸ்ஹரைத் திரும்பிப் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. கமாயிஸின் முகவரான இளைஞன் எழுந்துவந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அண்ணே, எனக்கு உங்க கட்சி பிடிக்காது. ஆனா ஆம்பளைன்னா இப்படி இருக்கணும். ஊரே போனாலும் நின்னீங்க பாருங்க." லஸ்ஹர் கையைக் கொடுத்தான். அது தன் வாக்கு அல்ல என்று சொல்ல வேண்டுமானால், தன் வாக்கு எது என்றும் சொல்ல வேண்டியிருந்தது. குனிந்து முடிவுத் தாளில் கையொப்பமிட்டான். தாளைப் பள்ளிக் கதவில் ஒட்டினார்கள்.

மறுநாள் காலையில் உஸ்தாத் தையிப் கடைக்கு வந்தார். நகர் முழுவதிலும் முன்னணிக்கு இடம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் சோர்ந்திருக்கவில்லை, ஆய்வு செய்துகொண்டிருந்தார்.

"மேட்டுத் தெருவுல நமக்கு ஒரு வாக்கு, தோழர். எண்ணிக்கையைப் பார்க்காதீங்க, தரத்தைப் பாருங்க. அசைக்க முடியாத அடித்தளம்னு இதைத்தான் சொல்றது. இதை வெச்சுத்தான் நாம மறுபடி கட்டணும். உங்களைப் பத்தி அறிக்கையில ஒரு பத்தி எழுதியிருக்கேன்." கிண்ணத்தை முடித்து, அவன் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, கண் கலங்க விடைபெற்றார்.

ஸலூஹா அவர் போகும்வரை மூலையில் ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகும் சற்று நேரம் பிய்த்தாள்.

"நேத்து நான் குடைக்குத்தான் போட்டேன்" என்றாள்.

லஸ்ஹர் கரண்டியைப் பானைக்குள் விட்டபடியே நின்றான்.

"அத்தனை பேரு நடுவுல பட்டியைக் குத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கப் போறே. உன்னோடது ஒண்ணு மட்டும் தனியா வந்தா நல்லா இருக்காதுன்னு தோணுச்சு. துணைக்கு இன்னொண்ணு இருக்கட்டும்னு போட்டேன்." அவள் கையிலிருந்த துகளைத் தட்டினாள். "காலைல ரொட்டிக்குப் போறப்ப பள்ளிக்கூடக் கதவுல பார்த்தேன். ஒண்ணுதான்னு எழுதியிருக்கு."

அவள் கேலி செய்யவில்லை. அவன் தப்பித்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டாள்:

"எண்ணுறப்ப ஒண்ணை விட்டுட்டாங்களோ? நீ பக்கத்துலயேதானே இருந்தே."

"விடல" என்றான் லஸ்ஹர். "சரியாத்தான் எண்ணினாங்க."